பட்டறைத் தண்ணியில் கரைந்த உலோகத்தை இறக்குவது எப்படி? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் சின்ன அளவில் பிளேட்டிங் (மின்முலாம் பூசும்) தொட்டி வைத்திருப்பவர்கள், முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளுக்குக் கீலும் தாழ்ப்பாளும் பித்தளை விளக்கும் ஆசிடில் முக்கிப் பளபளவென்று எடுத்துக் கொடுப்பவர்கள், எல்லாரும் போனில் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, எழுதியே வைத்துவிட்டேன். நான் வேதியியல் வாத்தியார் இல்லை, பதினெட்டு வருஷம் தொட்டிப் பக்கம் நின்றவன். அதனால் வாத்தியார் சொல்லும் வரிசையில் இருக்காது.

வீழ்படிவு என்கிறார்களே, அது என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

தண்ணியில் கரைந்திருக்கும் உலோகம் வடிகட்டியில் மாட்டாது, எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் சரி. சர்க்கரைத் தண்ணியை வேட்டியில் வடிகட்டினால் சர்க்கரை தனியாக நிற்குமா? அதனால் முதலில் அதைக் கரையாத பொருளாக மாற்ற வேண்டும். சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ போட்டால் உலோகம் ஹைட்ராக்சைடாக மாறித் துகளாகத் திரண்டு கீழே இறங்கும். அப்படி இறங்கிய பிறகுதான் வடிகட்டல், படியவைத்தல் எல்லாம். செம்பு நீலமாக இறங்கும், நிக்கல் வெளிர்பச்சை, இரும்பு செங்காவி, குரோமியம் சாம்பல் கலந்த பச்சை, துத்தநாகம் வெள்ளை. நாலு மாதம் பழகினால் சேற்றின் நிறத்தைப் பார்த்தே பக்கத்துப் பட்டறையில் இன்றைக்கு என்ன வேலை ஓடியது என்று சொல்லிவிடலாம்.

எந்த உலோகத்துக்கு எவ்வளவு பிஹெச் வைக்க வேண்டும்?

பிஹெச் என்பது தண்ணி ஆசிடா காரமா என்று காட்டும் எண், 7-க்குக் கீழே ஆசிட், மேலே காரம். இதுதான் மொத்தக் கதையும். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு இடம் உண்டு, அந்த இடத்தில்தான் அது முழுசாக இறங்கும். பெர்ரிக் நிலையில் (மூன்று வேலன்ஸ், அதாவது இணைதிறன்) இருக்கும் இரும்பு பிஹெச் 4 வருவதற்குள்ளேயே இறங்கிவிடும். அலுமினியம் 6 முதல் 7. மூன்று வேலன்ஸ் குரோமியம் 7.5 முதல் 8.5. செம்புக்கு 8.5 முதல் 9, ஈயத்துக்கு 9 முதல் 9.5, துத்தநாகத்துக்கு 9 முதல் 10. நிக்கல் பிடிவாதக்காரர், 10 தாண்டி 10.5 வரை போனால்தான் அசைவார். காட்மியம் 11 பக்கம்.

பிஹெச்சில் ஒரு எண் கூடுவது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். செம்பு, நிக்கல், துத்தநாகம் மாதிரி இரண்டு வேலன்ஸ் உலோகங்களுக்கு ஒரு எண் ஏறினால் தண்ணியில் தங்கக்கூடிய உலோகம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறையும். அதனால் 9-இல் விட்டதும் 10-இல் விட்டதும் ஒன்றா என்று கேட்காதீர்கள்.

ஆனால் ஏற்றிக்கொண்டே போனாலும் ஆபத்து. துத்தநாகம், அலுமினியம், ஈயம், குரோமியம் இவை இரண்டு பக்கமும் கரையும் சாதி. துத்தநாகத்தை 11-க்கு மேல் கொண்டுபோனால் ஜிங்கேட் என்ற கரையும் உப்பாக மாறி மறுபடி தண்ணிக்குள்ளேயே போய்விடும். எங்கள் பட்டறையில் ஒரு ராத்திரி ஷிஃப்ட் பையன் "கொஞ்சம் கூடப் போட்டால் நல்லதுதானே அண்ணே" என்று காஸ்டிக்கைக் கையளவில் போட்டு 12-க்கு ஏற்றி வைத்திருந்தான். காலையில் வந்து பார்த்தால் தொட்டி கண்ணாடி மாதிரித் தெளிவு. அவனுக்கு ஒரே சந்தோஷம். கீழே சேறே இல்லை, அத்தனை துத்தநாகமும் அந்தத் தெளிவுக்குள்தான் இருந்தது. பிறகு ஆசிட் விட்டு 9.5-க்கு இறக்கியதும் பால் மாதிரி வெளுத்தது.

எல்லா அலசு தண்ணியையும் ஒரே தொட்டியில் விட்டு ஒரே தடவையில் முடித்துவிடலாமா?

கூடாது. எனக்குத் தெரிந்த தொந்தரவில் முக்கால்வாசி இங்கேதான் ஆரம்பிக்கிறது. குரோம் தண்ணி தனி, சயனைடு தண்ணி தனி, சோப்புத் தொட்டித் தண்ணி தனி, மிச்ச ஆசிட் தண்ணி தனி. நாலு குழாய் போட இடம் இல்லை என்பார்கள். இடம் இல்லாவிட்டால் நாலு பிளாஸ்டிக் டிரம்மாவது வைத்துக்கொள்ளுங்கள், குழாயே வேண்டாம்.

சயனைடும் ஆசிடும் ஒன்று சேர்ந்தால் கிளம்புவது ஹைட்ரஜன் சயனைடு வாயு, ஆளைக் கொல்லும். இதில் கொஞ்சம் பரவாயில்லை என்கிற பேச்சே கிடையாது. குரோமும் மற்றதும் சேர்ந்தால் உயிர் போகாது, ஆனால் மருந்துச் செலவு இரண்டு மடங்காகும், ஏனென்றால் குரோமுக்கு மட்டும் செய்ய வேண்டிய வேலையை மொத்தத் தண்ணிக்கும் செய்தாக வேண்டும்.

குரோமியத்தை மாற்றிய பிறகு, சயனைடை உடைத்த பிறகு எல்லாவற்றையும் ஒரே தொட்டிக்குக் கொண்டுவரலாம். அங்கே நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்து இருந்தால் 9 முதல் 9.5 வரை ஒரு சமரசம், கூடவே கொஞ்சம் பெர்ரிக் குளோரைடு. இரும்பு இறங்கும்போது தன் மேல் ஒட்டிக்கொள்கிற மற்ற உலோகங்களையும் இழுத்துக்கொண்டு இறங்கும். தனியாக இருந்தால் 10.5 கேட்கிற நிக்கல், கூட்டத்தோடு வரும்போது கொஞ்சம் இறங்கிவருவார்.

குரோம் தண்ணிக்கு எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் மஞ்சளாகவே இருக்கிறது. ஏன்?

நானும் ஆரம்பத்தில் செய்த தப்பு இது. ஒரு மூட்டை சுண்ணாம்பு வீணாகப் போனது. அடியில் வெள்ளையாக என்னமோ படிந்தது, மேலே தண்ணி அதே எலுமிச்சை மஞ்சள்.

ஆறு வேலன்ஸ் குரோமியம் ஹைட்ராக்சைடாக இறங்கவே இறங்காது. அதை முதலில் மூன்று வேலன்ஸாக மாற்ற வேண்டும். சல்ஃப்யூரிக் ஆசிட் விட்டு பிஹெச்சை 2 முதல் 2.5-க்கு இறக்குங்கள், பிறகு சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், மஞ்சள் போய்ப் பச்சை வரும்வரை. பிஹெச் 2.5-க்குள் இருந்தால் சில நிமிஷங்களில் முடிந்துவிடும், 4-இல் வைத்துக்கொண்டு மெட்டா ஊற்றினால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். கணக்குப்படி ஒரு கிராம் குரோமியத்துக்கு 2.75 கிராம் மெட்டா, நடைமுறையில் 3-க்கு மேல் போகும். கந்தக நெடி தூக்கினால் கூடப் போட்டுவிட்டீர்கள் அல்லது ஆசிட் அதிகம். காற்றோட்டம் இல்லாத இடத்தில் இதைச் செய்யாதீர்கள், சல்ஃபர் டை ஆக்சைடு தொண்டையைப் பிடிக்கும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் அன்னபேதி போடுகிறார்கள். பெர்ரஸ் சல்ஃபேட் வேலை செய்யும், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கிராம் குரோமியத்துக்கு 16 கிராம் வேண்டும், அத்தனை இரும்பும் பின்னால் சேறாகத்தான் வரும். மருந்தில் மிச்சம் பிடித்ததைச் சேறு ஏற்றும் லாரி வாடகையில் விட்டுவிடுவீர்கள்.

பச்சை வந்தபிறகு சுண்ணாம்பு அல்லது காஸ்டிக் விட்டு 8 முதல் 8.5. அவ்வளவுதான்.

சயனைடு தண்ணிக்கு?

பிஹெச்சை 10.5-க்கு மேல் ஏற்றி ஹைப்போகுளோரைட் விட வேண்டும், முதல் கட்டத்தில் சயனேட் ஆகும், பிறகு 8 முதல் 8.5-க்கு இறக்கி மறுபடி ஹைப்போகுளோரைட், அப்போது முழுசாக உடையும். இரும்புச் சாமான் ஊறவைத்த ஆசிட் தண்ணியை இதன் பக்கமே கொண்டுவராதீர்கள். வாயு ஆபத்து ஒரு பக்கம், இரும்பும் சயனைடும் சேர்ந்து பெரோசயனைடு ஆகிவிட்டால் அதைக் குளோரின் உடைக்காது என்பது இன்னொரு பக்கம். என்னிடம் கேட்டால், சின்னப் பட்டறைக்குச் சயனைடு தொட்டியே வேண்டாம் என்பேன். சயனைடு இல்லாத துத்தநாகத் தொட்டிகள் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

சுண்ணாம்பு நல்லதா, காஸ்டிக் நல்லதா?

காஸ்டிக் சுத்தம், வேகம், குழாயில் ஓடும், சேறு குறைவு. ஆனால் சேறு கொழகொழவென்று இருக்கும், இறங்க நேரம் எடுக்கும், ஃபில்டர் பிரஸ்ஸில் (சேற்றைத் துணி வழியாக அழுத்தும் இயந்திரம்) பிழிய வராது. சுண்ணாம்பு மலிவு, துகள் கனமாக வரும், சீக்கிரம் படியும். சேற்றின் அளவு கூடும், கலக்கும் தொட்டியில் கல் மாதிரிக் கட்டும். சல்ஃப்யூரிக் ஆசிட் தண்ணிக்குச் சுண்ணாம்பு போட்டால் ஜிப்சம் வரும். லிட்டருக்கு 2 கிராம் சொச்சம்தான் தண்ணியில் கரையும், மிச்சமெல்லாம் பம்ப்பிலும் வால்விலும்தான் உட்காரும்.

நான் செய்வது இரண்டும். முக்கால்வாசி தூரம் சுண்ணாம்பில் ஏற்றிவிட்டு, கடைசிக் கொஞ்சத்தைக் காஸ்டிக்கில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வேன்.

வீட்டு வேலையில் மிச்சமான சுண்ணாம்பு இருக்கிறது, அதைப் போடலாமா?

இது நம்ம ஊரில் மட்டும்தான் கேட்பார்கள். பழைய வீடு புதுப்பிக்கும் வேலை நடக்காத தெருவே இல்லை, சுண்ணாம்புப் பூச்சுக்காரர்கள் ஊறப்போட்ட குழி அங்கங்கே கிடக்கிறது. தண்ணிக்கடியில் ஊறிக்கொண்டிருக்கும் சுண்ணாம்பு விழுதாக இருந்தால் தாராளமாகப் போடலாம், கரைத்துச் சல்லடையில் வடித்துவிட்டு. மூட்டையில் ஆறு மாதம் காற்றுப்பட்டுக் கிடந்த தூளாக இருந்தால் வேண்டாம். காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்து அது மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே ஆகியிருக்கும். கொத்தனாரைக் கேளுங்கள், காற்றுப்பட்ட சுண்ணாம்பு பிடிக்காது என்று அவரே சொல்வார். சுவரில் பிடிக்காதது தொட்டியிலும் வேலை செய்யாது, பிஹெச் 8 தாண்டத் திணறும். கடுக்காயும் வெல்லமும் கலந்த குழி என்றால் அதை விட்டுவிடுங்கள், அந்தத் துவர்ப்பும் இனிப்பும் உலோகத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்றினால் தண்ணியில் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பில் தண்ணியை ஊற்றாதீர்கள். கண்ணாடி போடாமல் குனியாதீர்கள்.

எவ்வளவு மருந்து வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1,000 லிட்டர் அலசு தண்ணி, அதில் லிட்டருக்கு 50 மி.கி. செம்பு, பிஹெச் 2. மொத்தச் செம்பு 50 கிராம். அதை இறக்கத் தேவையான காஸ்டிக் வெறும் 63 கிராம், சுண்ணாம்பு என்றால் 58 கிராம். அட, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்தத் தண்ணியில் இருக்கும் ஆசிடைச் சரிக்கட்ட மட்டும் 400 கிராம் காஸ்டிக் போகும். உலோகத்துக்குச் செலவாவதைப் போல ஆறு மடங்குக்கு மேல் ஆசிடுக்குச் செலவாகிறது!

இதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. சாமானை ஆசிடிலிருந்து எடுத்ததும் தொட்டிக்கு மேலேயே பத்துப் பதினைந்து விநாடி தொங்கவிட்டுச் சொட்டவிட்டால் போதும், சுண்ணாம்பு மூட்டை கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. மருந்துக் கம்பெனிக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

கணக்கு எப்படியிருந்தாலும் தொட்டியில் கைவைக்கும் முன் ஒரு லிட்டர் எடுத்து நாலைந்து கண்ணாடிக் குவளையில் வைத்து வெவ்வேறு பிஹெச்சில் சோதித்துப் பாருங்கள். அரைமணி நேர வேலை.

பிஹெச் 9.5 வந்தும் செம்பு இறங்கவில்லை, தண்ணி ஆழ்ந்த நீலமாக நிற்கிறது. என்ன கோளாறு?

எதுவோ அதைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கிறது. முதல் சந்தேகம் அம்மோனியா, அந்த ஆழ்ந்த நீலம் அதன் அடையாளம். இரண்டாவது சந்தேகம், நம்ம பக்கத்துக்கே உரியது, புளி.

சிரிக்காதீர்கள். பித்தளையும் செம்பும் புளி போட்டுத் தேய்த்தால் ஏன் பளிச்சென்று ஆகிறது? புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் செம்பு ஆக்சைடைக் கரைத்துத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. பள்ளிக்கூட லேபில் ஃபெலிங் கரைசல் பார்த்திருப்பீர்கள், அவ்வளவு காஸ்டிக்கிலும் செம்பு இறங்காமல் நீலமாகவே நிற்கும். அதில் செம்பைப் பிடித்து நிறுத்துவது டார்ட்ரேட் உப்புதான். நீங்கள் விளக்கைப் புளியில் தேய்த்து அந்தத் தண்ணியை ஆசிட் தண்ணியோடு கலந்துவிட்டால், உங்கள் தொட்டியும் ஒரு பெரிய ஃபெலிங் கரைசல்தான். சோப்புத் தொட்டியில் இருக்கும் குளுக்கோனேட், இ.டி.டி.ஏ., மின்சாரம் இல்லாமல் பூசும் எலக்ட்ரோலெஸ் நிக்கலில் இருக்கும் சிட்ரேட், எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும்.

புளி, சிட்ரேட் மாதிரி லேசான பிடிப்பாக இருந்தால் காஸ்டிக்குக்குப் பதில் சுண்ணாம்பு போட்டுப் பாருங்கள். கால்சியம் டார்ட்ரேட்டும் கால்சியம் சிட்ரேட்டும் அவ்வளவாகக் கரையாது, அதனால் கால்சியம் அந்த அமிலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், செம்பு தனியாகி இறங்கும். அதிலும் நடக்கவில்லை என்றால் பிஹெச்சை 3-க்கு இறக்கி, அன்னபேதி போட்டுக் கலக்கி, பிறகு சுண்ணாம்பில் ஏற்றுங்கள். இ.டி.டி.ஏ. என்றால் இதற்கெல்லாம் மசியாது, அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

சல்ஃபைடு போடலாமா?

போடலாம், ஆனால் கை சுத்தமாக இருக்க வேண்டும். உலோக சல்ஃபைடுகள் ஹைட்ராக்சைடை விட மிக மிகக் குறைவாகவே கரையும், கட்டிப்பிடித்த செம்பைக்கூடப் பிடுங்கிக்கொண்டு கறுப்பாக இறங்கும். ஹைட்ராக்சைடு போட்டுப் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, கடைசியில் தங்கியதை மட்டும் சோடியம் சல்ஃபைடால் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

பிஹெச் 9-க்குக் கீழே சல்ஃபைடு பாட்டிலைத் திறக்காதீர்கள். ஆசிடில் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. அழுகிய முட்டை நாற்றம் முதலில் தெரியும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் விழுவது அப்போதுதான். கூடுதலாகப் போன சல்ஃபைடை வெளியே விடவும் முடியாது, லிட்டருக்கு 2 மி.கி.தான் வரம்பு. கொஞ்சம் அன்னபேதி போட்டால் இரும்பு சல்ஃபைடாகக் கறுத்து இறங்கிவிடும். இந்த அவஸ்தை வேண்டாம் என்பவர்களுக்கு டைதையோகார்பமேட் வகை மருந்து கிடைக்கிறது, விலை கூட, வாயு ஆபத்து குறைவு. ஆனால் அதுவும் ஆசிடில் படக்கூடாது.

துகள் மிதந்துகொண்டே இருக்கிறது, படியவில்லை. தேற்றாங்கொட்டை, முருங்கை விதை போட்டால் சரியாகுமா?

தேற்றாங்கொட்டை குடத்துக் கலங்கலைத் தெளியவைக்கும், உண்மைதான். மிதக்கும் மண்ணைத் திரட்டுவது அதன் வேலை, கரைந்த உலோகத்தை அது தொடாது. தண்ணி தெளிந்துவிட்டது, நிக்கலும் போய்விட்டது என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

பட்டறைக்குத் துகளைத் திரட்டும் பாலி எலக்ட்ரோலைட் மருந்து போதும், எதிர்மின் வகை, லிட்டருக்கு 1 அல்லது 2 மி.கி. முதலில் 0.1 சதவீதக் கரைசலாகக் கரைத்து ஊறவையுங்கள், தூளை நேராகத் தொட்டியில் தூவினால் மீன் கண் மாதிரி உருண்டை உருண்டையாக மிதக்கும். சுண்ணாம்பு கலக்கும்போது வேகமாகக் கலக்குங்கள், பாலி விட்டபிறகு மெதுவாக, பாயசம் கிண்டுகிற மாதிரி, பதினைந்து இருபது நிமிஷம். அப்போது வேகமாகச் சுழற்றினால் திரண்டதெல்லாம் உடைந்துபோகும். கூடப் போட்டால் நன்றாகப் படியும் என்பதும் தப்பு, அளவு மீறினால் தண்ணி வழுவழுவென்று ஆகிப் பிரஸ் துணி அடைத்துக்கொள்ளும்.

கழிவுத் தண்ணி சரி, வேலை செய்யும் நிக்கல் தொட்டியே கெட்டுவிட்டால்? கொட்டிவிட வேண்டியதுதானா?

கொட்டாதீர்கள், அதில் உங்கள் பணம் இருக்கிறது. லிட்டருக்கு 60, 70 கிராம் நிக்கல் இருக்கும் கரைசலை யாராவது சாக்கடையில் விடுவார்களா? விடுகிறார்கள், அதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தொட்டிக்குள் விழுந்த ஆணி, கொக்கியிலிருந்து நழுவிய கீல், இவை கரைந்து இரும்பு ஏறும். பூச்சு சொரசொரப்பாகும், குழி விழும், வளைத்தால் உடையும். செம்போ துத்தநாகமோ ஏறினால் மின்னோட்டம் குறைவாகப் படும் உட்புற மூலைகள் கறுக்கும். பித்தளைச் சாமான் அதிகம் ஓடும் நம்ம ஊர்த் தொட்டிகளில் இது இரண்டும் சகஜம்.

இரும்புக்கு வீழ்படிவுதான் மருந்து. கரைசலை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். 60 டிகிரிக்குச் சூடுபண்ணி, ஹைட்ரஜன் பெராக்சைடு லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லி விட்டுக் கலக்குங்கள், இரும்பு பெர்ரிக் நிலைக்குப் போகும். பெர்ரஸாகவே (இரண்டு வேலன்ஸ்) இருந்தால் அது இறங்குவதற்கு முன் உங்கள் நிக்கல் இறங்கிவிடும், பெர்ரிக் ஆக்கிவிட்டால் அது குறைந்த பிஹெச்சிலேயே இறங்கும், நிக்கல் தங்கிவிடும். மொத்த சூட்சுமமும் இந்த இடைவெளிதான். பிறகு நிக்கல் கார்பனேட்டைக் கூழாகக் கரைத்து விட்டு பிஹெச்சை 5.2 முதல் 5.5-க்கு ஏற்றுங்கள். காஸ்டிக் விடாதீர்கள், அது விழும் இடத்தில் நிக்கலே பச்சையாகத் திரியும், தேவையில்லாத சோடியமும் ஏறும். கார்பனேட் கரைய நேரம் எடுக்கும், பொறுமை வேண்டும். பூச்சுக்குப் பளபளப்புத் தரும் பிரைட்னர் மருந்து கெட்டுப்போன அழுக்கும் இருந்தால் பெராக்சைடு முழுசாக அடங்கியபிறகு கரித்தூள் லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் போட்டுக் கலக்கி, ராத்திரி முழுக்கப் படியவிட்டுக் காலையில் வடிகட்டுங்கள். சல்ஃப்யூரிக் ஆசிட் விட்டு பிஹெச்சைப் பழைய 4 பக்கம் கொண்டுவாருங்கள்.

செம்பும் துத்தநாகமும் இந்த வைத்தியத்தில் பாதிதான் போகும். மிச்சத்துக்கு நெளிவு நெளிவான தகட்டைத் தொங்கவிட்டு, சதுர டெசிமீட்டருக்கு 0.2 முதல் 0.5 ஆம்பியரில் சில மணி நேரம் ஓட்டுங்கள், அழுக்கு உலோகம் தகட்டில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். கடைசியில் பிரைட்னர் புதுசாகச் சேர்க்க மறக்காதீர்கள், கரித்தூள் நல்லதையும் சேர்த்தே தின்றிருக்கும்.

துத்தநாகத் தொட்டிக்கும் இப்படித்தானா?

குளோரைடு துத்தநாகத்தில் இரும்பு ஏறினால் அதே பெராக்சைடு, நன்றாக நீர்த்து விட வேண்டும், காவியாக இறங்கியதை வடிகட்டினால் போதும், அதன் பிஹெச் ஏற்கெனவே 5 சொச்சம்தான். அல்கலி துத்தநாகத்தில் ஈயம், செம்பு ஏறினால் துத்தநாகத் தூளோ கொஞ்சம் சோடியம் சல்ஃபைடோ.

உப்புக் கரைசலைச் சுத்தம் பண்ணுவதும் இதுதானா? மின்வேதியியல் படிக்கும் பையன் கேட்கிறான்.

அதேதான், ஆள் மட்டும் வேறு. காஸ்டிக் சோடா தயாரிக்கும் ஆலைகளில் கடலுப்பைக் கரைத்ததும் அதில் இருக்கும் கால்சியத்தைச் சோடியம் கார்பனேட் போட்டும், மக்னீசியத்தைக் காஸ்டிக் போட்டும் இறக்குவார்கள். மெம்பிரேன் செல்லுக்கு (உப்புக் கரைசலை மின்சாரத்தால் பிரிக்கும் தொட்டி) அனுப்ப அது போதாது, கால்சியமும் மக்னீசியமும் சேர்த்து நூறு கோடியில் 20 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும், அந்தக் கடைசித் துளிக்கு அயனிப் பரிமாற்ற ரெசின். எந்த வீழ்படிவும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோகாது என்பதைப் பையன் குறித்துக்கொள்ளட்டும்.

இந்த வறண்ட பூமியில் இதையெல்லாம் பேச ஆள் இருப்பதே சிக்ரியால்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வாசலைத் தினம் பஸ்ஸில் கடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியும் என்பது வேறு கதை.

படிந்த சேற்றை என்ன செய்வது? ஆத்தங்குடிக் கல் போடுகிறவரிடம் கலரோடு கலக்கக் கொடுத்தால்?

வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள். அந்தக் கல்லில் சேர்ப்பது சுத்தமான இரும்பு ஆக்சைடு நிறப்பொடி, உங்களிடம் இருப்பது நிக்கலும் குரோமும் கலந்த சேறு. துத்தநாகமும் ஈயமும் சிமென்ட் இறுகுவதையே தாமதப்படுத்தும், கல் பொரியும். அது போக, வெறுங்காலோடு நடக்கிற, குழந்தை தவழ்கிற தரை அது.

சட்டப்படி இது அபாயக் கழிவு, 2016-ஆம் வருஷ விதிகளின் கீழ் வரும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும், 90 நாளுக்கு மேல் பட்டறையில் வைத்திருக்கக்கூடாது, கும்மிடிப்பூண்டியில் இருக்கிற மாதிரி அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்கோ உலோகம் மீட்பவருக்கோ சீட்டோடு அனுப்ப வேண்டும். எடைக்குத்தான் காசு, அதனால் தண்ணியைப் பிழியுங்கள். முன்னே சொன்ன 50 கிராம் செம்பு காய்ந்தால் 77 கிராம் ஹைட்ராக்சைடு. தொட்டியடியில் 2 சதவீதத் திடத்தோடு கிடக்கும்போது அது கிட்டத்தட்ட 4 லிட்டர் சேறு, ஃபில்டர் பிரஸ்ஸில் 30 சதவீதத்துக்குப் பிழிந்தால் கால் கிலோ. பிரஸ் வாங்க வசதியில்லாதவர்களுக்கு நம்ம ஊர் வெயில் இருக்கிறது, அடியில் கசியாத தளம் போட்ட மணல் படுகையில் சித்திரை வைகாசியில் ஒரு வாரத்தில் பாளம் பாளமாக வெடித்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் அள்ளிவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் டி.டி.எஸ். (தண்ணியில் கரைந்திருக்கும் மொத்த உப்பு) கூடியிருக்கிறதே?

கூடத்தான் செய்யும். செம்பு சல்ஃபேட்டில் காஸ்டிக் போட்டால் செம்பு போய் சோடியம் சல்ஃபேட் வருகிறது. உலோகம் கீழே, உப்பு மேலே. வெளியே விட லிட்டருக்கு 2,100 மி.கி. வரம்பு. இதைக் குறைக்க வீழ்படிவில் வழி இல்லை, தொட்டியிலிருந்து ஆசிட் சிந்துவதைக் குறைப்பதுதான் வழி, அல்லது ஆர்.ஓ.

பிஹெச் தாளே போதுமா, மீட்டர் வாங்க வேண்டுமா?

மீட்டர் வாங்குங்கள். குரோம் தண்ணியின் மஞ்சளில் தாளின் நிறத்தை எவராலும் படிக்க முடியாது. மீட்டரின் கண்ணாடி முனை காயக்கூடாது, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள், சுண்ணாம்பு அப்பியிருந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிடில் ஒரு நிமிஷம் முக்குங்கள், வாரம் ஒருமுறை பிஹெச் 7, 10 என்று தெரிந்த கரைசல்களில் வைத்துச் சரிபாருங்கள்.

இன்னொன்று, 10.5-இல் நிக்கலை இறக்கியபிறகு வெளியே விட பிஹெச் 9-க்குள் வர வேண்டும் என்று ஆசிட் விடுவீர்கள் அல்லவா, அதை வடிகட்டியபிறகு செய்யுங்கள். துகள் மிதக்கும்போதே ஆசிட் விட்டால் பாடுபட்டு இறக்கியது மறுபடி கரையும். இந்தத் தப்பை ஆள் வைத்து நடத்தும் பெரிய இடத்திலும் பார்த்திருக்கிறேன்.

சுத்தம் பண்ணிய தண்ணிதானே, ஊருணி வரத்துக்காலில் விட்டால் என்ன?

வாரிய வரம்புப்படி வெளியே விடும் தண்ணியில் லிட்டருக்கு நிக்கல் 3 மி.கி., செம்பு 3, துத்தநாகம் 5, மொத்தக் குரோமியம் 2, ஆறு வேலன்ஸ் குரோமியம் 0.1 வரை இருக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் நிக்கல் 0.02. அதாவது சட்டத்துக்கு உட்பட்டு நீங்கள் விடும் தண்ணியில்கூடக் குடிநீரைப் போல 150 மடங்கு நிக்கல் இருக்கலாம். ஊருணி ஓடும் ஆறு இல்லை, வந்தது அங்கேயே தங்கும், வெயிலில் தண்ணி போகும், உலோகம் போகாது. எங்கள் பக்கம் ஒரு பட்டறை, பேர் வேண்டாம், இரண்டு மழைக்காலம் தெரியாமல் வரத்துக்காலில் விட்டது. ஊர்க் கூட்டம் போட்டு வரத்துக்காலை அடைத்தார்கள், அடைத்த பிறகு அந்த வருஷம் மழைத் தண்ணியும் உள்ளே வரவில்லை. ஊர் முழுக்க லாரித் தண்ணி வாங்கினோம், நானும் வாங்கினேன்.

நாங்கள் சுத்தம் பண்ணிய தண்ணியை ஆசிட் தொட்டிக்கு அடுத்த முதல் அலசலுக்கே திருப்பி விடுகிறோம், கடைசி அலசலுக்கு மட்டும் புதுத் தண்ணி. உப்பு ஏறி அலசல் தண்ணி வழவழப்பாகும்போது ஒரு டிரம் எடுத்து வெயிலில் தண்ணியை ஆவியாக்கும் தட்டில் ஊற்றிவிடுவோம். தட்டுக்கு மேல் தகரக் கூரை போட்டிருக்கிறோம், பக்கம் திறந்தபடி, இல்லாவிட்டால் கார்த்திகையில் நிரம்பி வழியும்.